வலது மணிக்கட்டு, மூன்று படங்கள்

எக்ஸ்ரே பலகை எந்தப் பருவத்திலும் சில்லென்றுதான் இருக்கும். அதனால் அதன் மேல் கையை வைக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு மெல்லிய துணியை விரிப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை, நானாக வைத்துக்கொண்டது. வலியோடு உள்ளே வருகிறவரை முதலில் தொடுவது குளிராக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும் என்பதுதான். அந்த ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.

பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறேன். இங்கே எனக்கு 'ஒத்தப்படம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மற்றவர்கள் ஒரு முழங்காலைப் பிடிக்க இரண்டு தடவை, மூன்று தடவை எடுப்பார்கள். நான் ஒரே தடவையில் முடித்துவிடுவேன். மாதக் கடைசியில், யார் யார் எத்தனை படத்தைத் திரும்ப எடுத்தார்கள் என்று ஒரு தாளை எங்கள் அறைச் சுவரில் ஒட்டுவார்கள். என் வரிசையில் பூஜ்யம் இருக்கும். பூஜ்யம் வாங்கிப் பெருமைப்பட்ட ஒரே ஆள் நீதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். ஆனாலும் அந்தத் தாள் ஒட்டப்படும் அன்று கொஞ்சம் முன்னாடியே வேலைக்குப் போய்விடுவேன்.

உங்கள் கோப்பில் 'நோயாளி' என்று குறிக்கப்பட்டிருப்பவளை இந்தக் கட்டடத்தில் எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். சலவைப் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவார்கள், இவள் ஒருத்தியாகவே தூக்கி, உதறி, உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்பிவிடுவாள். மதியம் சலவைக்கூடத்தின் பின்பக்கப் படிக்கட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். என்னைவிட ஏழு வயது இளையவள். அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கையுறை. அவளுடையது கிழிந்துபோனால் என் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு நாள் முற்பகலில் சோப்பு நீரில் வழுக்கி விழுந்தாள். விழும்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றியிருக்கிறாள். வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உள்ள ஏதோ கழண்டு போச்சு."

இதைக் கவனியுங்கள். இந்த விஷயத்தில் நோயை முதலில் சரியாகச் சொன்னது அவள்தான். அதற்கப்புறம் மூன்று பேர் படித்துப் பட்டம் வாங்கிய கண்ணால் பார்த்தும் சொல்லவில்லை. நான் அந்த மூன்று பேரில் ஒருத்தி.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். நடுவில் இருப்பது பிறை எலும்பு. பக்கவாட்டில் எடுத்த படத்தில் அது முன்கை எலும்பின் மேல் ஒரு கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தது மாதிரித் தெரியும். உள்ளங்கை ஊன்றி விழுந்தால் சில நேரம் அது இடம் பெயர்ந்து கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தது நேர்ப்படத்தில் பளிச்சென்று தெரியாது. பழகிய கண்ணுக்கு ஒரு சந்தேகம் தட்டும், அவ்வளவுதான். பக்கவாட்டுப் படம் அப்படியில்லை, அதில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதை எடுக்கும்போது கையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின் பின்னால் ஒன்று சரியாக மறைய வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சின்ன எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழப்பிவிடும்.

அவளால் அந்த அளவுக்குத் திருப்ப முடியவில்லை. வேண்டாம் அக்கா என்றாள். விட்டுவிட்டேன். படம் சாய்வாகத்தான் வந்தது, வந்த உடனேயே எனக்குத் தெரிந்தது. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். அந்த மாதம் எங்கள் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க இருந்தார்கள். அவளுக்கு மேலும் வலி கொடுக்க மனம் வரவில்லை. மூன்றுமே உண்மை, மூன்றுமே காரணமில்லை. திரும்ப எடுத்தால் சுவரில் என் வரிசையில் ஒன்று என்று விழும். அதுதான் காரணம். எழுதிப் பார்க்கும்போது இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அன்று பணியிலிருந்த சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு என் அறைக்கே வந்து, பக்கவாட்டுப் படம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். வலியில் இதற்கு மேல் திருப்ப முடியாது, இது போதும் என்றேன். என் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சுளுக்கு என்று எழுதி, கட்டுப் போட்டு அனுப்பினார். நீங்கள் விசாரித்தபோது இந்தப் பேச்சை அவர் சொல்லவில்லை. மறந்திருப்பார், அல்லது என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். நல்ல பையன்.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். கட்டை அவிழ்த்தும் வீக்கம் குறையவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போயிருந்தன. சட்டைப் பொத்தானை மகள்தான் போட்டுவிடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்ன டாக்டர் இன்னொரு படம் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தத் தடவை நான் ஒழுங்காகச் செய்தேன். துண்டைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் கையைச் செங்குத்தாக நிறுத்தினேன். படம் திரையில் வந்தது. கிண்ணம் முழுசாகக் கவிழ்ந்து உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. விரல்களுக்குப் போகும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. அதை எலும்பு அழுத்திக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் என்பது தாமதம்தான். ஆனால் கை கெட்டுப்போகும் அளவுக்குத் தாமதமில்லை. அப்போது அறுவை செய்து எலும்பை உட்கார வைத்திருந்தால் அவள் கை பெரும்பாலும் திரும்பியிருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். எலும்பு வைத்தியர்கள் என் அறையில் நின்று பேசுவதைப் பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான்.

இந்தப் படத்தை அனுப்பினால் பழைய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போதே இருந்ததா என்று பார்ப்பார்கள். சாய்ந்த படத்தை யார் எடுத்தது, யார் போதும் என்று சொன்னது என்று கேட்பார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். அவளுடைய படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற சக்கர எக்ஸ்ரே இயந்திரம் மூலையில் நின்றது. அதன் பொத்தானுக்கு நீளமான ஒயர் உண்டு, தள்ளி நின்று அழுத்துவதற்காக. கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். வலது பக்கம் என்பதற்கான ஈய எழுத்தை ஓரத்தில் ஒட்டினேன். என் வலது கையைப் பலகையில் வைத்து, இடது கையால் பொத்தானை அழுத்தினேன். நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று. இரண்டும் ஒரே தடவையில் அமைந்தன. அவள் பெயரில் அனுப்பினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது. தட்டை வைக்கிறவள் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தால் போதும்.

ஒரு வாரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் போகட்டும், ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி எடுத்து, இப்போதுதான் நகர்ந்திருக்கிறது என்பதுபோல் காட்டிவிடலாம். அந்த வாரத்தில் தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது. அடுத்த வாரம் புதுப் பொறுப்பில் வேலை அதிகம். அதற்கடுத்த வாரம் எனக்கே பயமாகிவிட்டது. முதல் நாளில் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும் விஷயம். நாளாக நாளாகச் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது.

படத்தில் ஒன்றுமில்லை என்பதால் சின்ன டாக்டர் கைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். ரப்பர் பந்தைப் பிடித்து அழுத்த வேண்டும், வேளைக்கு ஐம்பது தடவை. பம்பரம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மதியம் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தை அழுத்தி எண்ணுவாள். இருபதுக்கு மேல் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எண்ணிக்கை தப்பினால் என்னிடம் கேட்பாள். நானும் சேர்ந்து எண்ணினேன். விலகிக் கிடக்கும் எலும்பின் மேல் அவள் ஒவ்வொரு தடவையும் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஏழாவது வாரம் சின்ன டாக்டருக்கே மனம் கேட்காமல் அவளைப் பெரிய எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். வேறொரு நோயாளியின் படத்தைக் கொடுக்கப் போன நான் அந்த அறையிலேயே நின்றுவிட்டேன். பெரிய டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலால் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சாய்த்தார். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அவள் முகம் வெளுத்தது. அவர் என் இரண்டாவது படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"என் விரல் ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, கையை இறுக்கி மூடச் சொல்லி ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்றார். எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் அறுந்திருந்தால், தளர்ந்த கையில் தெரியாது. முஷ்டியை இறுக்கும்போது எலும்புகளுக்கு நடுவே பல் விழுந்த இடம்போல ஓர் இடைவெளி திறக்கும். சரியான யோசனை. அந்த மனிதர் உண்மைக்கு ஓர் அடி தூரத்தில் நின்றார்.

அவளைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தேன். இந்தத் தடவை அவள் கையைப் பலகையில் வைக்கவே இல்லை. இயந்திரம் சூடாக வேண்டும், வெளியே உட்கார் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு என் முஷ்டியை மூடினேன். நகம் உள்ளங்கையில் பதியும் அளவுக்கு இறுக்கினேன். அரைகுறையாக மூடினால் பெரிய டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு, பலகையில் கையை வைக்கச் சொல்லி, ஒன்றும் எடுக்காமலே பொய்யாக ஒரு விளக்கை ஏற்றி அணைத்தேன்.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு அழகா வரிசையா இருக்கிற மணிக்கட்டை வெச்சுக்கிட்டு இந்தம்மா எதுக்கு அழுறாங்க?"

அந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்ட ஒரு பிரதி கேட்டார். குறையில்லாத மணிக்கட்டு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்க. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கையை ஒருவர் அழகு என்று சொன்னதில், அவள் அந்த அறையில் அழுதுகொண்டிருக்கும்போதே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கடிதத்தில் நான் அதிகம் வெட்கப்படுவது இந்த இடத்தில்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லாமல் போனது. எல்லாம் தானாக நடந்தது. சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் இரண்டு கையாலும் தூக்கச் சொன்னார். விரிப்பு கை தவறித் தரையில் விழுந்தால், படமே ஒன்றுமில்லை என்கிறது, உனக்கு என்ன வந்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் வீட்டில் நாத்தனார், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பாட்டாகப் பாடினாள். வீட்டுக்காரர் முதலில் அவள் பக்கம் நின்றார். மூன்றாவது படத்துக்குப் பிறகு அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கொடுத்த மாத்திரையில் பம்பரம் படிக்கட்டிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப் போவாள். நான் அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைப்பேன்.

மேற்பார்வையாளர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் நெருங்கிப் பழகுகிறவர், மனசு விட்டுச் சொல்லுங்கள், நடிக்கிறாளா என்றார். நடிக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் பயந்த சுபாவம், சின்ன வலியைப் பெரிசாக எடுத்துக்கொள்வாள் என்றேன். அவளுக்கு நல்லது செய்கிற குரலில்தான் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். உங்கள் கோப்பில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

எட்டாவது மாதம் அவள் அண்ணன் வேறு ஊரிலிருந்து வந்தான். அவன் கடையில் நிற்பவன், படிப்பு அதிகமில்லை. தங்கச்சியின் பெருவிரல் அடியில் சதை வற்றிப் பள்ளமாகியிருந்ததைப் பார்த்திருக்கிறான். நடிச்சா சதை வத்துமா என்று கேட்டானாம். அவளைத் தன் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரே படம். எலும்பு விலகி மாதங்கள் ஆகியிருந்தன. மூட்டு தேய்ந்து, நரம்பு நசுங்கிப் போயிருந்தது. திரும்ப உட்கார வைக்க முடியவில்லை. பிறை எலும்பை எடுத்துவிட்டு, மணிக்கட்டையே தகடு வைத்து ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். இனி அது மடங்காது. வலி குறைந்திருக்கிறது. விரல் உணர்ச்சி முழுசாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் இந்த விசாரணை. மேசையில் எங்கள் படங்களும் அவர்கள் படமும் இருந்தன. நான்கையும் நீங்கள் பார்த்தீர்கள். ஏழாவது வாரம் வரை எலும்பு சரியாக இருந்திருக்கிறது, அதற்குப் பிறகு நோயாளி வீட்டில் மறுபடி விழுந்து அதை மறைத்திருக்க வேண்டும் என்று வரைவு எழுதினீர்கள். அவள் வேலையையும் இழந்தாள், பொய்க்காரி என்ற பேரையும் வாங்கினாள். படங்கள் மூன்றும் இவளுடையவைதான் என்று பிரிவின் தலைவி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் நீட்டிய பேனா அது. நன்றாக எழுதியது.

இதை நிரூபிக்க முடியும். என் வலது மணிக்கட்டில், பெருவிரல் பக்கம் முன்கை எலும்பின் நுனியில், கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. பிறவியிலேயே இருப்பது, கெடுதல் இல்லாதது. இரண்டாவது படத்திலும் மூன்றாவது படத்திலும் அது இருக்கிறது. முதல் படத்திலும் அந்த ஊர்ப் படத்திலும் இல்லை. என் கையை எடுத்துப் பாருங்கள். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

சின்னப் பயத்தில் தொடங்கிக் கை மீறிப் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 'யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்' என்று இந்தப் பக்கத்தின் மேலே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்த இடம் தெரிகிறது அல்லவா? அது பொய் என்பதால் அடித்தேன். ஒருத்தி கேட்டாள்.

போன வாரம், நீங்கள் வரைவைப் படித்துக் காட்டி அவளை அனுப்பிய பிறகு, நேரே என் அறைக்கு வந்தாள். காத்திருந்தவர்கள் போகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்து கதவருகிலேயே நின்றாள். கோபமாக இல்லை. அவளுக்கு என் மேல் சந்தேகமே இல்லை.

"அக்கா, மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும். எனக்கே இப்ப குழப்பமா இருக்கு. ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்குறேன், நான் மறுபடி விழுந்ததா ஞாபகமே இல்ல. ஆனா படத்துல அப்படித்தானே இருக்கு? நீங்கதானே எடுத்தீங்க, நீங்க சொன்னா நம்புறேன். அந்தப் பந்தை வெச்சுக்கிட்டு அழுதேனே, அப்ப எனக்கு நெஜமாவே வலிச்சுதா?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கேட்டது வேலையை அல்ல, நியாயத்தை அல்ல. ஆமாம் என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவள் என் காலைக் கூடப் பிடித்திருப்பாள், காரணம் கேட்டிருக்க மாட்டாள்.

"படத்துல ஒண்ணும் இல்லையேம்மா," என்றேன்.

சரிக்கா, உங்களுக்கும் சிரமம் கொடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து ஒரு பெரியவர் தோள்பட்டைக்கு வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டேன். ஒரே தடவையில் எடுத்தேன்.